சென்னை பக்கத்தில், யப்பான் தூரத்தில்: கார் மட்டும் ஏன் தூரத்திலிருந்து வருகிறது?

போன மாதம் என் மருமகன் ஒரு கலியாணத்துக்காகச் சென்னை போயிருந்தான். இரவு ஒன்பது மணிபோல வட்ஸ்அப்பில் ஒரு கார் படம் வந்தது. வெள்ளை நிற சுசுக்கி ஸ்விஃப்ட், 2017ஆம் ஆண்டு வண்டி, முன் கண்ணாடியில் விலை எழுதி ஒட்டியிருந்தது. பின்னாலேயே அழைப்பும் வந்தது.

“மாமா, இந்தியக் காசில நாலு இலட்சம்தான் சொல்லுறாங்கள். எங்கட காசுக்குப் பதினாலு இலட்சம் வரும். இதே கார் கொழும்பில அறுபதுக்கு மேல போகுது. தூத்துக்குடியில இருந்து கப்பல்ல ஏத்திவிட்டா என்ன?”

கொழும்பில் ஒரு வங்கியின் இறக்குமதிப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். வாகனம் கொண்டுவருவதற்கு எல்சி (விற்பனையாளருக்குக் காசு தருவதாக வங்கி எழுதிக்கொடுக்கிற வாக்குறுதி) திறக்க வந்தவர்களில் பாதிப் பேராவது இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். இரண்டு நாட்டிலும் வீதியின் இடப்பக்கம்தான் ஓடுகிறோம், ஸ்டியரிங் இரண்டிலும் வலப்பக்கம்தான். அப்படியிருக்க, வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நின்று பார்த்தால் போகிற பாவித்த கார்களில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி யப்பானிலிருந்து வந்தவை. ஏன் என்று விளங்கிவிட்டால் வாகன இறக்குமதி என்ற முழுக் காரியமும் விளங்கிவிடும்.

அவனுக்கு அன்றிரவு போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் ஒரு காரை வாங்குவது சுலபம். காசு கொடுத்தால் யாரும் விற்பார்கள். ஆனால் அந்தக் காருக்கு இலங்கையில் இலக்கத் தகடு கிடைக்க வேண்டும் என்றால் மூன்று கேள்விக்கு விடை வேண்டும். இந்த வண்டி இந்நாட்டுக்குள் வர அனுமதி உள்ள வண்டியா? இதற்கான வெளிநாட்டுக் காசு வங்கி வழியாகப் போயிற்றா? வரி கட்டியாயிற்றா? கார் நல்லதா, விலை மலிவா என்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வண்டியின் வயது

முதற்கேள்வியில்தான் சென்னை ஸ்விஃப்ட் விழுந்துவிடுகிறது. பாவித்த கார் ஒன்றைக் கொண்டுவருவதானால் அதற்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பஸ், லொறி போன்றவற்றுக்கு எல்லை வேறு. வீட்டுப் பாவனைக்கான காருக்கு மூன்று வருடம்தான். 2017 வண்டியை இந்தியாவில் சும்மா கொடுத்தாலும் இங்கே இறக்க முடியாது.

சரி, மூன்று வருடத்துக்குள் உள்ள இந்தியக் கார் என்றால்? அங்கே மூன்று வயதுக் காரை விற்கிறவர் அதிகம் விலை குறைக்கமாட்டார், குறைக்கத் தேவையும் இல்லை. வாங்குகிறவர்கள் உள்ளூரிலேயே வரிசையில் நிற்கிறார்கள். யப்பானில் கதை வேறு. அங்கே ஷாக்கென் என்று ஒரு கட்டாய வாகனப் பரிசோதனை உண்டு. புதிய காருக்கு முதல் தடவை மூன்றாம் வருட முடிவில், அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பரிசோதனை, அதோடு வரும் வரி, காப்புறுதி, திருத்த வேலை எல்லாம் சேர்ந்தால் கணிசமான செலவு. அதனால் முதல் ஷாக்கென் வருமுன் காரை விற்றுவிட்டுப் புதிதுக்கு மாறுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். அப்படி விற்ற கார்கள் ஏலத்துக்கு வருகின்றன. யூஎஸ்எஸ் போன்ற ஏல நிறுவனங்களில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கைமாறுகின்றன. எங்கள் சட்டம் கேட்கிற மூன்று வயதும் அவர்கள் விற்கிற மூன்று வயதும் ஒன்றோடொன்று பொருந்திப்போகின்றன. தூரத்தை வெல்வது இந்தப் பொருத்தம்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாவித்த வாகனத்தைக் கப்பலில் ஏற்றுமுன் அந்த நாட்டிலேயே பரிசோதித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். எங்கள் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஒரு பரிசோதனை நிறுவனம் அதைத் தர வேண்டும். யப்பானில் இதற்கென்றே ஜெவிக் மாதிரி நிறுவனங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இயங்குகின்றன. அங்கே இது நாளாந்தத் தொழில். சென்னையில் ஒற்றைக் காருக்கு அந்த ஏற்பாட்டைச் செய்யப் போனால், இந்தியப் பக்கத்திலும் ஆர்டிஓ என்கிற வாகனப் பதிவு அலுவலகத்தில் பதிவை நீக்கி, கடன் ஏதும் இருந்தால் அதைத் தீர்த்து எழுதி வாங்கி, ஏற்றுமதிப் பத்திரம் போட்டு, கொள்கலன் பிடித்து என்று எல்லாவற்றையும் நீங்களே தனியாகச் செய்ய வேண்டிவரும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கியபோது எனக்குத் தெரிந்த இரண்டு பேர் காரை அதில் ஏற்றலாமா என்று கேட்டார்கள். அது ஆட்களை ஏற்றுகிற கப்பல். காரோடு போய்வர முடியாது.

இந்திய வாகனமே இங்கு வருவதில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பஜாஜ் ஓட்டோ, டிவிஎஸ் மோட்டார் சைக்கிள், அசோக் லேலண்ட் பஸ், மாருதி அல்ட்டோ எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அவை புத்தம் புதிதாக, உள்ளூர் முகவர் நிறுவனங்கள் வழியாக மொத்தமாக வருகின்றன. இதில் எனக்குப் பிடித்த ஒரு சுற்றுப்பாதையும் உண்டு. சுசுக்கி ஃப்ரொங்ஸ் குஜராத்திலும், யப்பானில் விற்கிற ஹொண்டா டபிள்யூஆர்வி ராஜஸ்தானிலும் செய்து அங்கிருந்து யப்பானுக்கு ஏற்றுமதியாகின்றன. அந்தக் கார் ஒன்றை யப்பானிய ஏலத்தில் எடுத்தால், பக்கத்து வீட்டில் சமைத்த சோற்றை ஊரைச் சுற்றிக் கொண்டுவந்து சாப்பிடுகிற மாதிரிதான்.

வளைகுடாவில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கத்தார், துபாய், சவூதிக் கார்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். இலங்கைக்கு அவற்றை இறக்குமதி செய்ய முடியாது. பத்து வருடம் ஆசையாக வைத்திருந்த காரை விற்றுவிட்டுத்தான் வர வேண்டும்.

காசு எங்கே போகிறது

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பின்கதை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. நாட்டில் டொலர் இல்லை. மருந்துக்கும் எரிபொருளுக்கும் வேண்டிய டொலரைக் காருக்குக் கொடுக்க முடியாது என்பது காரணம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் போனதை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஏறத்தாழ ஐந்து வருடம் புது வண்டி வரவில்லை. இருந்த பழைய வண்டிகளுக்கு விலை ஏறிக்கொண்டே போனது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. திறக்கும்போது வரியையும் சேர்த்தே உயர்த்தினார்கள்.

இந்த வரியைப் புரிந்துகொள்ள ஒன்றை மனதில் வைத்தால் போதும். பாதுகாக்க வேண்டிய பெரிய கார்த் தொழிற்சாலை எதுவும் எங்களுக்கு இல்லை. ஆகவே இந்த வரி இரண்டு காரியத்துக்காக இருக்கிறது: திறைசேரிக்கு வருமானம் வேண்டும், வெளியே போகிற டொலரின் வேகம் குறைய வேண்டும். அந்த வரியின் பெரும்பகுதி காரின் விலைப்படி வராமல் எஞ்சின் அளவுப்படி வருகிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 998 சீசி பெற்றோல் கார். கொழும்புக்கு வந்து சேரும்போது அதன் சிஐஎஃப் பெறுமதி 20 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். சிஐஎஃப் என்பது காரின் விலை, கப்பல் கூலி, கடல் காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகை. வரிக்கணக்கு எல்லாம் இதிலிருந்துதான் தொடங்கும். வெளிநாட்டு விற்பனையாளர் சொல்கிற விலை பெரும்பாலும் எஃப்ஓபி, அதாவது அங்குள்ள துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரைக்குமான விலை. கூலியும் காப்புறுதியும் அதில் இல்லை. இந்த இரண்டு எழுத்துக் கூட்டங்களையும் குழப்பிக்கொண்டவர்கள் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து அதிர்ச்சியோடு நின்றதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இனி 2025இல் கதவு திறந்தபோது வைத்த வீதங்களின்படி எண்ணுவோம். சுங்க இறக்குமதித் தீர்வை 20 வீதம்: 4 இலட்சம். அந்தத் தீர்வையின் மேல் 50 வீத மேலதிக வரி: 2 இலட்சம். இப்போது பெரியது வருகிறது, உற்பத்தி வரி. 1000 சீசிக்கு உட்பட்ட பெற்றோல் காருக்கு ஒரு சீசிக்கு 2,450 ரூபா. 998ஆல் பெருக்கினால் 24,45,100. காரின் பெறுமதியை விட இந்த ஒரு வரியே கூட.

கடைசியில் பெறுமதி சேர் வரி, 18 வீதம். பலர் இதை 20 இலட்சத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது சரியில்லை. சிஐஎஃப் பெறுமதியோடு 10 வீதம் கூட்டி, அதோடு இதுவரை சொன்ன வரிகள் எல்லாவற்றையும் கூட்டி, வருகிற மொத்தத்துக்குத்தான் 18 வீதம். அதாவது 22 இலட்சம், 4 இலட்சம், 2 இலட்சம், 24,45,100 எல்லாம் சேர்ந்து 52,45,100. அதன் 18 வீதம் 9,44,118. வரிக்கு மேல் வரி.

வரி மட்டும் 39,89,218 ரூபா. காரோடு சேர்த்தால் 59,89,218. துறைமுகக் கட்டணம், சுங்கத்திலிருந்து வண்டியை எடுத்துத் தருகிறவருக்குரிய கிளியரிங் கூலி, வங்கிக் கட்டணம், பதிவுச் செலவு எதுவும் இன்னும் சேரவில்லை.

மருமகன் “அறுபதுக்கு மேல” என்று சொன்ன தொகை எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? கார்ச் சேல்காரர் அடிக்கிற கொள்ளை என்று பலரும் நினைக்கிறார்கள். அவருக்கும் இலாபம் உண்டுதான். ஆனால் விலையின் முதுகெலும்பு வரி.

எஞ்சின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னும் ஒரு கணக்கு. அதே விலையில் 1,196 சீசி கார் எடுத்தால் அடுத்த படிக்குப் போய்விடுவீர்கள். அங்கே சீசிக்கு 3,850 ரூபா, உற்பத்தி வரி 46,04,600. வெறும் 198 சீசி வித்தியாசத்துக்கு 21 இலட்சத்துக்கு மேல் கூடிவிட்டது. 1,490 சீசியில் பெற்றோல் எடுத்தால் சீசிக்கு 4,450, பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் எடுத்தால் 3,450. இந்த ஆயிரம் ரூபா வித்தியாசம் 14,90,000 ஆகி, அதற்குரிய பெறுமதி சேர் வரியும் சேர்ந்து 17 இலட்சத்தைத் தாண்டும். வெளிநாட்டு விலைப்பட்டியலில் ஹைபிரிட் கூடிய விலையில் இருந்தாலும், இங்கே வந்திறங்கும்போது அது மலிவாகிவிடலாம். அதனால் யாராவது என்னிடம் “நல்ல கார் எது” என்று கேட்டால், முதலில் சீசியைச் சொல்லுங்கள் என்பேன். மின்சாரக் காருக்குச் சீசி கிடையாது, மோட்டாரின் கிலோவாட் அளவில் வரி. அதிலும் ஒரு வயதைத் தாண்டிய வண்டிக்குக் கூடிய வரி.

விலை கூடின காருக்குச் சொகுசு வரியும் உண்டு. பெற்றோல் காரின் பெறுமதி 50 இலட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 100 வீதம். ஹைபிரிட்டுக்கும் மின்சாரக் காருக்கும் எல்லை கொஞ்சம் மேலே, வீதம் கொஞ்சம் கீழே. முதல் கார் எடுக்கிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

வீதங்கள் வர்த்தமானியோடு, அதாவது அரசாங்க அறிவித்தலோடு, மாறும். கணக்குப் போடுகிற அன்று நடைமுறையில் உள்ள வர்த்தமானியைப் பாருங்கள். எப்படிப் படியேறுகிறது என்பதை மேலே உள்ள கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டால் இலக்கத்தை மாற்றிப் போடுவது பெரிய வேலை இல்லை.

சிலர் காதோடு ஒரு யோசனை சொல்வார்கள்: “இன்வொய்ஸில விலையைக் குறைச்சுப் போட்டா வரி குறையும்தானே.” செய்யாதீர்கள். எந்த மாதிரிக்கு என்ன பெறுமதி என்று சுங்கத்திடம் அவர்களுடைய கணக்கு இருக்கிறது. உங்கள் விலையை ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அதோடு வரியின் பெரும்பங்கு சீசியில் வருவதால், பொய் சொல்லி மிச்சம் பிடிப்பதும் கொஞ்சம்தான். தண்டம் கட்டினால் அதைவிடப் பல மடங்கு போகும்.

வங்கி பார்ப்பது கடதாசியை

வாகனத்துக்கு வெளிநாட்டுக் காசை நினைத்தபடி அனுப்ப முடியாது. உண்டியல் (வங்கிக்கு வெளியே ஆள் வைத்துக் காசு அனுப்புவது), உறவினர் கணக்கு எதுவும் சரிவராது. நாணயக் கடிதம், எல்லோரும் சொல்கிறபடி எல்சி, திறக்க வேண்டும். வாழ்நாளில் பாதியை இதோடு கழித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு யப்பானில் உள்ள விற்பனையாளரைத் தெரியாது. அவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் முதலில் காசு அனுப்பினால் அவர் காரை அனுப்பாமல் விடலாம். அவர் முதலில் காரை அனுப்பினால் நீங்கள் காசு கொடுக்காமல் விடலாம். நடுவில் வங்கி வந்து நிற்கிறது. “இன்ன வண்டியை, இன்ன திகதிக்கு முன் கப்பலில் ஏற்றியதற்கான பத்திரங்களைக் கொண்டுவா, நான் காசு தருகிறேன்” என்று உங்கள் வங்கி அவருடைய வங்கிக்கு எழுதிக்கொடுக்கிற வாக்குறுதிதான் எல்சி.

இதில் ஆரம்பக்காரர் யாரும் கவனிக்காத ஒரு விஷயம்: வங்கி காரைப் பார்ப்பதில்லை. கப்பல் ஏற்றுமதிப் பத்திரம், இன்வொய்ஸ், பரிசோதனைச் சான்றிதழ், அங்குள்ள பதிவை நீக்கிய பத்திரம், காப்புறுதி ஆகியவற்றைத்தான் வரிவரியாகப் பார்ப்போம். வண்டியின் உடலில் பொறித்திருக்கிற செசி இலக்கத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் நிறுத்திவைப்போம். ஆனால் பத்திரம் எல்லாம் சரியென்றால், கார் துருப்பிடித்துக் கிடந்தாலும் காசு போய்விடும். காரின் நிலைமைக்கு எல்சி உத்தரவாதம் இல்லை. அந்த வேலையை வேறொரு கடதாசி செய்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கப்பல் ஏற்றுமதிப் பத்திரத்தை எல்லோரும் பிஎல் என்பார்கள். அதில் உள்ள திகதிதான் உங்கள் காரின் வயதை முடிவுசெய்கிறது. உற்பத்தித் திகதியிலிருந்து பிஎல் திகதி வரைக்கும் எண்ணுவார்கள். நீங்கள் வாங்கிய திகதி இல்லை, கார் இங்கே வந்து சேர்ந்த திகதியும் இல்லை. என் மேசைக்கு வந்த ஒரு பைல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாத முடிவில் ஏற்றுவதாக இருந்த வண்டி, கப்பலில் இடமில்லாமல் அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனது. சில நாள் வித்தியாசம்தான். அந்தச் சில நாளில் வண்டிக்கு வயது எல்லை தாண்டிவிட்டது. அவர் ஒரு பாடசாலை ஆசிரியர், ஓய்வூதியக் காசைப் போட்டு எடுத்தவர். வண்டி துறைமுகத்தில் நிற்க, நாளுக்கு நாள் தாமதக் கட்டணம் ஏற, அவர் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். அதனால்தான் யார் கேட்டாலும் சொல்கிறேன்: எல்லைக்கு மூன்று நான்கு மாதமாவது மிச்சம் உள்ள வண்டியை எடுங்கள். எல்லையோரத்து வண்டி கொஞ்சம் மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

தனிப்பட்ட ஒருவர் வருடத்துக்கு ஒரு வண்டிதான் கொண்டுவரலாம். வரி அடையாள இலக்கம், எல்லோரும் டின் என்பது, உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அது இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

ஏலத்தாள்

இனி காரின் நிலைமை. யப்பானிய ஏலத்தில் விற்கிற ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கத் தாள் உண்டு. பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்து எழுதியது. ஒரு மூலையில் மேலிருந்து பார்த்த காரின் படம், அதன் மேல் சின்னச் சின்ன எழுத்துகள். ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திப் பெயின்ற் அடித்த அடையாளம். பக்கத்தில் 1, 2, 3 என்று இலக்கம், கூடக்கூடப் பெரிய பழுது. இரட்டை எக்ஸ் இருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். மேலே ஒரு பெட்டியில் தரம்: 4, 4.5, 5 என்று போகும். இலக்கத்துக்குப் பதிலாக ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய வண்டி.

இங்கே ஒரு குழப்பம். ஆர் என்ற எழுத்து தாளில் இன்னோர் இடத்திலும் வரும். யப்பானியர் வருடத்தைத் தங்கள் பேரரசரின் காலப்படி எழுதுவார்கள். இப்போதையது ரெய்வா. ஆர் 5 என்றால் 2023, ஆர் 6 என்றால் 2024. ஆகவே வருடப் பெட்டியில் உள்ள ஆரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தரப் பெட்டியில் உள்ள ஆரைப் பார்த்துச் சும்மா இருக்கவும் வேண்டாம். வருடப் பெட்டியில் இருப்பது முதற்பதிவு. கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது அதற்கு முந்தியும் இருக்கலாம். வயதை எண்ணும்போது உற்பத்தி மாதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2018இல் நான் எனக்கென்று ஒரு கார் எடுப்பித்தேன். எடுத்துத் தந்த முகவர் ஏலத்தாளின் ஆங்கில மொழிபெயர்ப்பை அழகாகத் தட்டச்சுச் செய்து தந்தார். தரம் 4.5, பழுது இல்லை என்று இருந்தது. கார் வந்து எட்டு மாதத்தில் பின் இடக்கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ற் கொப்பளித்தது. தெஹிவளையில் ஒரு பெயின்ற் பாஸ் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது கொம்பனிப் பெயின்ற் இல்ல” என்றார். பிறகு மூலத் தாளை ஒருவழியாக வாங்கிப் பார்த்தேன். அதே கதவில் டபிள்யூ 2. மொழிபெயர்ப்பில் அது ஏறவே இல்லை. பிழை அவர் பக்கம் என்றாலும் எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்டும் பலன் இல்லை, செலவு முழுக்க என் பையிலிருந்து. அன்றிலிருந்து சொல்கிறேன்: மூலத் தாளின் படம் வேண்டும், அதில் ஏலத்தின் பெயரும், ஏலத்தில் அந்தக் காருக்குக் கொடுத்த லொட் இலக்கமும் தெரிய வேண்டும், காசு கட்டுமுன் வேண்டும்.

கப்பல் வந்த பிறகு

வாகனங்களுக்கென்றே பல மாடிக் கட்டடம் மாதிரிக் கப்பல்கள் உண்டு, ரோரோ கப்பல் என்பார்கள். காரை ஓட்டியே ஏற்றி ஓட்டியே இறக்குவார்கள். பெரும்பாலும் அம்பாந்தோட்டையில் இறங்கும், சில கொழும்பிலும். அங்கிருந்து உங்கள் கிளியரிங் ஏஜென்ட் கஸ்டெக் என்கிற சுங்கப் பிரகடனத்தைப் போட்டு, வரியைக் கட்டி, வண்டியை வெளியே எடுப்பார். அப்புறம் நாரஹேன்பிட்டவில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு.

பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். 90 நாளுக்குள் பதியாவிட்டால் சிஐஎஃப் பெறுமதியில் மாதத்துக்கு 3 வீதம் தாமதக் கட்டணம், 45 வீதம் வரைக்கும் ஏறும். வண்டியைக் கொண்டுவந்து பதுக்கி வைத்து விலை ஏறியதும் விற்பதைத் தடுக்கத்தான் இந்த விதி. ஆனால் நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கிற எங்கள் ஆட்களும் இதில் மாட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவும் கேட்ட பிறகு மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப மாமா, சென்னையில கண்டது சும்மா படந்தானா?” என்றான். படம்தான் என்றேன். அவனுடைய கையிருப்பை வைத்து இரண்டு பேருமாகக் கணக்குப் போட்டோம். மொத்தக் கையிருப்பிலிருந்து பின்னோக்கி வந்தோம்: கையில் எவ்வளவு, அதிலிருந்து வரி போக, கப்பல் கூலி போக, வெளிநாட்டில் காருக்குக் கொடுக்க என்ன மிஞ்சும். அந்த மிச்சத் தொகைக்கு 1000 சீசிக்குள் மட்டும்தான் தேடலாம் என்று வந்தது. இரண்டு வாரம் கழித்து ஏலத்தாள் ஒன்றை அனுப்பினான். தரப் பெட்டியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தான். கீழே ஒரு வரி: “மாமா, இதில உற்பத்தி மாதம் எங்க இருக்கு?”